சிறு யந்திரத்தில் தீப்பொறி வேளை திருத்துதல்: சங்க அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்

சென்னைக்குத் தெற்கே, பரங்கிமலைக்கும் மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கும் அணித்தாயுள்ள நங்கநல்லூர், முன்னாளில் சிற்றூராயிருந்து, பின்னர் ஆலந்தூர் நகராட்சியின் பகுதியாகி, 2011-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. வயலுக்கு நீர் இறைக்கும் வேலை அங்கு இப்போது இல்லை. வீட்டுக் கிணறுகளுக்கு மின்சார மோட்டார்கள் வந்துவிட்டன. ஆகையால் பெட்ரோலில் ஓடும் சிறு யந்திரத்துக்கு இனி வேலையில்லை என்று எண்ணுவார் உண்டு. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கம் அவ்வெண்ணத்தை மாற்றிற்று. 2-ந்தேதி காலையோடு முடிந்த ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடையாறு பெருகி விமான நிலையத்துக்குள் புகுந்தது. 6-ந்தேதி வரையில் அங்கே விமானப் போக்குவரத்து நின்றது. நகரின் பல பகுதிகளில் மின்சாரமும் இல்லை. அத்தகைய இரவில் தாழ்ந்த அறையிலிருந்து தண்ணீரை வெளியேற்றவும், விளக்கெரிக்கவும் உதவுவது மூலையில் கிடக்கும் சிறு யந்திரமே.

பதினொரு மாதம் உறங்கிய யந்திரம் அன்றைக்கென்று புறப்பட மறுக்கும். இழுப்பவர் கை சலிக்கும். பின்பு யாரேனும் ஒருவர், "டைமிங் போயிற்று" என்று சொல்லி, திருகுகளைத் தளர்த்தி, தட்டைக் கண்மதிப்பாய்த் திருப்புவார். அதன் பின் யந்திரம் கயிற்றைப் பின்னுக்கு இழுத்து மணிக்கட்டை முறித்தாலும் முறிக்கும். பாயிண்ட் பொருந்திய பழைய யந்திரங்களில் அந்த வேளையை அளந்து திருத்துவது எங்ஙனம் என்பதே இப்பாடம். சங்கத்தின் பொது யந்திரத்தை வாடகைக்கு எடுத்துச் செல்லும் குடியானவருக்கும், அதனைக் காத்துவரும் காரியதரிசிக்கும் இது ஒருங்கே பயன்படும்.

1. தீப்பொறி முன்னதாக வேண்டுவதன் காரணம்

பிஸ்டன் மேலேறிப் பெட்ரோல் கலந்த காற்றை அமுக்குகிறது. அது ஏறக்கூடிய உச்சியை மேல்முனை என்போம். பிஸ்டன் மேல்முனையை அடைந்த பிறகே தீப்பொறி விழ வேண்டும் என்பது சாதாரணமாய்த் தோன்றும் கருத்து. ஆனால் கலவை முழுதும் பற்றி எரியச் சிறிது காலம் செல்லும். நிமிஷத்துக்கு 3,000 சுற்று ஓடும் யந்திரம் ஒரு வினாடியில் 50 தடவை சுழல்கிறது. ஒரு சுற்றில் பதினெட்டில் ஒரு பங்கு, அதாவது 20 டிகிரி, திரும்புவதற்கு அதற்கு வேண்டிய காலம் வினாடியில் 900-ல் ஒரு பங்கே. பிஸ்டன் உச்சியைத் தாண்டிச் சற்றே இறங்கத் தொடங்கும் தருணத்தில் அழுத்தம் மிகுந்திருத்தல் வேண்டும். அதற்காகத் தீப்பொறி மேல்முனைக்கு முன்னரே விழும்படி செய்திருக்கிறார்கள். ஊஞ்சலைத் தள்ளுபவர் ஊஞ்சல் திரும்பும் வேளையறிந்து கை கொடுப்பதை இதற்கு ஒப்பிடலாம். முந்தித் தள்ளினால் ஊஞ்சல் கையில் மோதும். பிந்தித் தள்ளினால் தள்ளியது வீணாகும்.

2. வேளை தவறுவதால் வரும் தீங்குகள்

வேளை முந்தினால், மேலேறும் பிஸ்டனை எரியும் கலவை கீழ்நோக்கித் தள்ளும். கயிற்றையிழுத்துப் புறப்படச் செய்யும்போது யந்திரம் எதிர்த்திசையில் உதைப்பது இதனாலேயே. ஓடும்போது சுமை ஏறினால் சுத்தியலால் தட்டுவதைப்போன்ற ஒலி கேட்கும். சூடு மிகுந்து பிஸ்டனின் தலை உருகித் துளைபடுவதும் உண்டு.

வேளை பிந்தினால், கலவை எரிந்துகொண்டிருக்கும்போதே புகைவழி திறந்துவிடும். பலம் குறையும்; எண்ணெய்ச் செலவு ஏறும்; புகைக்குழாய் அளவு மீறிச் சுடும்; சைலென்சரில் வெடியோசை கேட்கும்.

காற்றினால் குளிரும் யந்திரத்தில் இவ்விரு தீங்குகளும் விரைவில் முற்றும். நீரால் குளிரும் யந்திரத்தில் மிகுந்த சூட்டைத் தண்ணீர் சிறிது நேரமாவது தாங்கிக்கொள்ளும். இங்கேயோ சிலிண்டரைச் சுற்றியுள்ள தகட்டு மடிப்புகளும், பிளைவீல் வீசும் காற்றுமே கதி. மீனம்பாக்கத்தில் 40 டிகிரியைத் தாண்டும் மே மாத வெயிலில் அக்காற்றும் அனற்காற்றாகவே இருக்கும்.

3. கை வைக்குமுன் கவனிக்க வேண்டியவை

தீப்பொறி வேளை தானாக மாறுவது அரிது என்பதை அங்கத்தினர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். பாயிண்ட் தேய்ந்தாலொழிய, அல்லது பிளைவீல் இடம் பெயர்ந்தாலொழிய, நேற்றிருந்த வேளை இன்றும் இருக்கும். ஆகையால் முதலில் பிற காரணங்களைப் பார்த்து நீக்குக. தொட்டியில் நாட்பட்டுக் கெட்ட பெட்ரோல் இருக்கிறதா? காற்று வடிகட்டி தூசியால் அடைபட்டிருக்கிறதா? பிளக் கரி படிந்து நனைந்திருக்கிறதா? தகட்டு மடிப்புகளில் சேறும் வைக்கோலும் அடைந்துள்ளனவா? புறப்பட மறுக்கும் யந்திரங்களிற் பல இவற்றைச் சரிசெய்த மாத்திரத்தில் ஓடிவிடும்.

இன்னொரு விஷயம். இக்காலத்து யந்திரங்கள் பெரும்பாலானவற்றில் பாயிண்டே கிடையாது. அவ்வேலையை மின்னணுச் சாதனம் செய்கிறது. அங்கே திருத்துவதற்கென்று ஒன்றும் இராது. பிளைவீலுக்கும் காயிலுக்கும் உள்ள இடைவெளி, பிளைவீலை நிறுத்தும் கீ என்னும் சிறு உலோகத்துண்டு, பிளக் ஆகிய மூன்றை மட்டும் பார்த்தால் போதும். பிளைவீல் அட்டைக்குள் பாயிண்ட் உள்ள பழைய யந்திரங்களுக்கே இனி வருபவை பொருந்தும்.

4. முதலில் பாயிண்ட், அதன் பின்னரே வேளை

இப்பாடத்தில் நினைவில் வைக்கத்தக்க விதி ஒன்றே ஒன்றுதான் என்றால், அது இதுவே: பாயிண்ட் இடைவெளியைச் சரிசெய்யாமல் வேளையைத் தொடலாகாது. தண்டிலுள்ள மேடு பாயிண்டின் குதிகாலைத் தூக்கும் கணத்தில் பாயிண்ட் பிரிகிறது. பிரியும் அக்கணத்திலேயே தீப்பொறி பிறக்கிறது. இடைவெளி அகன்றிருந்தால் பாயிண்ட் சீக்கிரம் பிரியும், வேளை முந்தும். இடைவெளி குறுகியிருந்தால் தாமதித்துப் பிரியும், வேளை பிந்தும். நாளடைவில் குதிகால் தேயத் தேய இடைவெளி குறுகி, வேளை சிறிது சிறிதாய்ப் பிந்திக்கொண்டே போகும். வேளையை முதலில் வைத்துவிட்டு இடைவெளியைப் பின்னர் திருத்துபவர், தாம் வைத்த வேளையைத் தாமே கெடுத்துக்கொள்கிறார்.

பிளக் கம்பியைக் கழற்றிப் பிளக்கையும் எடுத்துவிடுக. யந்திரம் எதிர்பாராமல் புறப்படாமலிருக்கவும், பிளைவீலைக் கையால் எளிதிற் சுற்றவும் இது உதவும். பாயிண்ட் முகங்கள் கருத்திருந்தால் மெல்லிய அரத்தால் ஒருமுறை இருமுறை தேய்த்து, பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்து, சுத்தமான காகிதத்தை நடுவில் வைத்து இழுத்துவிடுக. நெடுநாள் கிடந்த யந்திரம் தீப்பொறி தராமைக்கு அம்முகங்களில் படிந்த துருவும் ஈரமுமே காரணமாவது உண்டு. ஒரு முகத்தில் குழியும் மறு முகத்தில் மேடும் ஏற்பட்டிருந்தால், கண்டென்ஸர் கெட்டிருக்கலாம் என்று ஐயுற்று அதனை மாற்றுக.

பின்பு பிளைவீலைச் சுழற்றி, பாயிண்ட் மிக அகலமாய்த் திறக்கும் இடத்தில் நிறுத்துக. எண்ணெய்ப் பசையற்ற பீலர் கேஜ் தகட்டை இடையிற் செருகிப் பார்க்க. பல சிறு யந்திரங்களுக்கு 0.35 மில்லிமீட்டர் அளவும், சிலவற்றுக்கு 0.5 மில்லிமீட்டரும் விதிக்கப்பட்டுள்ளன. உங்கள் யந்திரத்தின் கையேட்டில் உள்ளதே உங்களுக்குப் பிரமாணம். தகடு இறுகாமலும் தொளதொளக்காமலும் உரசிச் செல்லவேண்டும். திருகை முடுக்கியபின் மறுபடி ஒருமுறை அளந்து பார்ப்பது அவசியம். முடுக்கும்போது பாயிண்ட் சற்று நகர்ந்துவிடும்.

வேளையை முந்தச் செய்யவேண்டி இடைவெளியை விதித்த அளவுக்கு மேல் அகற்றுவது சிலர் வழக்கம். அது தவறு. மாக்னெட்டோவில் மின்னோட்டம் மிகுந்திருக்கும் தருணத்தில் பாயிண்ட் பிரியவேண்டும்; அளவு மீறினால் பொறியே வலுக்குன்றிவிடும்.

5. மேல்முனையைக் காணும் முறை

பிளைவீலில் ஆங்கில எழுத்தாகிய எஃப் அல்லது ஒரு கோடு பொறிக்கப்பட்டு, யந்திரத்தின் உடலிலும் எதிர்க்கோடு இருந்தால், தீப்பொறி வேளையை உற்பத்தியாளரே குறித்துக் கொடுத்திருக்கிறார் என்று அறிக. அக்குறிகள் அழிந்துபோயிருந்தால் மேல்முனையை நாமே காணவேண்டும்.

பிஸ்டன் உச்சியை நெருங்கும்போது ஏறக்குறைய அசையாமல் நிற்பதால், அந்த இடத்தைக் கண்ணால் மதிப்பிட முடியாது. ஆகையால் பின்வருமாறு செய்க. வழவழப்பான ஒரு குச்சியைப் பிளக் துளை வழியே பிஸ்டன்மேல் நிற்க விடுக. யந்திரம் ஓடும் திசையிலேயே பிளைவீலைச் சுற்றி, பிஸ்டன் உச்சிக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் கீழே இருக்கும்போது நிறுத்துக. துளையின் விளிம்புக்கு நேராய்க் குச்சியில் ஒரு கோடும், உடற்கோட்டுக்கு நேராய்ப் பிளைவீலில் ஒரு கோடும் இடுக. அதே திசையில் மேலும் சுற்றினால், குச்சி ஏறி, நின்று, இறங்கும். குச்சியின் கோடு மறுபடியும் விளிம்புக்கு நேராய் வந்ததும் நிறுத்திப் பிளைவீலில் இரண்டாம் கோடு இடுக. இவ்விரு கோடுகளுக்கும் சரிநடுவே மேல்முனை. பிளக் துளை பிஸ்டனுக்கு நேர்மேலே இல்லாத யந்திரங்களில் சிலிண்டர் தலையைக் கழற்றியே இதனைச் செய்ய இயலும். குச்சியைச் சாய்த்து நுழைத்தால் அது முறிந்து உள்ளே சிக்கும்.

இனி டிகிரியை அளப்பதற்கு ஒரு நூலும் அளவுகோலும் போதும். பிளைவீலின் சுற்றளவை நூலால் எடுத்துக்கொள்க. 18 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள பிளைவீலுக்குச் சுற்றளவு 56.5 சென்டிமீட்டர். கையேடு 20 டிகிரி என்று சொன்னால், அது சுற்றளவில் பதினெட்டில் ஒரு பங்கு; அதாவது 3.1 சென்டிமீட்டர். மேல்முனைக் கோட்டிலிருந்து பிளைவீல் சுழலும் திசையில் அவ்வளவு தூரம் அளந்து புதுக்கோடு இடுக. சுழலும்போது இக்கோடு மேல்முனைக் கோட்டுக்கு முன்னதாக உடற்கோட்டைக் கடக்கவேண்டும். அங்ஙனம் கடந்தால் சரியான பக்கத்தில் இட்டிருக்கிறீர்கள். இங்கே 20 டிகிரி என்றது எடுத்துக்காட்டுக்கே. யந்திரத்துக்கு யந்திரம் அளவு வேறுபடும்.

6. வேளையை வைத்தல்

பாயிண்ட் பிரியும் கணத்தைக் கண்டறிய இரண்டு வழிகள் உண்டு. பாயிண்டுக்கு இடையில் மெல்லிய சிகரெட்டுக் காகிதத்தை வைத்து மெதுவாய் இழுத்துக்கொண்டே பிளைவீலைச் சுற்றுவது ஒன்று. காகிதம் விடுபடும் இடமே பாயிண்ட் பிரியும் இடம். மற்றொன்று, டார்ச் விளக்கின் செல்லையும் பல்பையும் பாயிண்டுக்கும் யந்திர உடலுக்கும் இடையே தொடுத்தல். பல்பு அணையும் கணத்தில் பாயிண்ட் பிரிகிறது. இதற்குக் காயிலின் கம்பியைப் பாயிண்டிலிருந்து முதலில் கழற்றிவிடவேண்டும். கழற்றாவிடில் மின்சாரம் காயில் வழியாகப் போய்க்கொண்டேயிருக்கும், பல்பு அணையாது.

புதுக்கோடு உடற்கோட்டுக்கு நேராய் வரும்போது பாயிண்ட் பிரிந்தால் வேளை சரி. அதற்குமேல் ஒன்றும் செய்யவேண்டாம். கோடு நேராவதற்குமுன் பிரிந்தால் வேளை முந்தியுள்ளது. கோடு கடந்தபின் பிரிந்தால் பிந்தியுள்ளது. பாயிண்டும் காயிலும் அமைந்த தட்டில் நீள்துளைகள் இருக்குமானால், திருத்தம் தட்டில் செய்யத்தக்கது. தளர்த்துவதற்கு முன்பே தட்டுக்கும் உடலுக்கும் குறுக்கே ஒரு கோடு கீறி வைக்கவேண்டும். என்ன பிழை செய்தாலும் பழைய இடத்துக்குத் திரும்ப அது ஒன்றே வழி. தட்டை யந்திரம் சுழலும் திசைக்கு எதிராய் நகர்த்தினால் வேளை முந்தும்; சுழலும் திசையிலேயே நகர்த்தினால் பிந்தும். ஒருமுறைக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நகர்த்தலாகாது. திருகுகளை முடுக்கி, மறுபடியும் பல்பை வைத்துச் சோதிக்க.

நீள்துளை இல்லாத யந்திரத்தில், இடைவெளி சரியாயிருந்தும் வேளை தவறியிருந்தால், பிளைவீல் கீ வெட்டுப்பட்டிருக்கிறதென்று கொள்க. கீ அரையளவு வெட்டுப்பட்டாலும் பிளைவீல் சில டிகிரி தள்ளி உட்காரும். புதிய கீயே அதற்கு மருந்து. ஆணித்துண்டைச் செருகுவது அன்று. பிளைவீலைக் கழற்றுவதற்குப் புல்லர் என்னும் கருவியைப் பயன்படுத்துக. சுத்தியலால் அடித்தால் தண்டு வளையும்; காந்தமும் பழுதுபடும்.

7. புல்லட்டில் இதே பாடம்

இம்முறை நீர் இறைக்கும் யந்திரத்துக்கு மட்டும் உரியதன்று. 1955-இல் தொடங்கப்பட்ட என்பீல்டு இந்தியா கம்பெனியார் திருவொற்றியூரில் செய்துவந்த 350 சி.சி. புல்லட் மோட்டார் சைக்கிளும் காற்றினால் குளிரும் ஒற்றைச் சிலிண்டர் யந்திரமே. பாயிண்ட் பொருந்திய பழைய புல்லட்டுக்கு இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர், யந்திரம் நிற்கும் நிலையில் பிஸ்டன் மேல்முனைக்கு 0.8 மில்லிமீட்டர் கீழே இருக்கும்போது பாயிண்ட் பிரியவேண்டும். வேகம் ஏற ஏற, உள்ளேயுள்ள சிறு எடைகள் விரிந்து வேளையைத் தாமே முந்தச் செய்யும். பல்புக்குப் பதிலாய் அதில் ஆம்மீட்டர் முள்ளையே பார்க்கலாம். சாவியைத் திருப்பி மெதுவாய்ச் சுற்றினால், பாயிண்ட் சேர்ந்திருக்கும்வரை முள் ஒருபுறம் சாய்ந்திருக்கும். பிரிந்த கணத்தில் நடுவுக்குத் துள்ளும். ஆனால் புல்லட்டில் பிஸ்டன் கலவையை அமுக்கி மேலேறும் சுற்றையே எடுத்துக்கொள்ளவேண்டும். பிளக் துளையைக் கட்டைவிரலால் மூடினால் காற்று விரலைத் தள்ளுவதைக் கொண்டு அச்சுற்றை அறியலாம்.

8. ஓட்டிச் சோதித்தல்

எல்லாத் திருகுகளையும் முடுக்கி, காயில் கம்பியையும் பிளக்கையும் பொருத்தியபின், கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாமல் பிடியை மட்டும் பற்றி இழுக்க. யந்திரம் பின்னுக்கு உதைத்தால் இரண்டாம் முறை இழுக்கவேண்டாம். வேளை இன்னும் முந்தியுள்ளது. சூடேறியபின் சுமை கொடுத்துப் பார்க்க. பெட்ரோலில் புறப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடும் யந்திரத்தை, மண்ணெண்ணெய்க்கு மாற்றிய பிறகும் சுமையோடு சோதிக்கவேண்டும். மண்ணெண்ணெய் எளிதில் தட்டோசை தரும்; பெட்ரோலில் அமைதியாய் ஓடிய வேளை இதில் பொருந்தாமற் போகலாம். தட்டோசை கேட்டால் சுமையைக் குறைத்துக் கையேட்டின் அளவோடு ஒப்பிட்டுப் பார்க்க.

யந்திரத்தைக் கிணற்றுக்குள்ளோ, மூடிய அறையிலோ, தாழ்ந்த கட்டிடப் பகுதியிலோ ஓட்டக்கூடாது. நீர் ஆழத்திலிருந்தால் பம்பு இழுப்பதில்லை என்று யந்திரத்தையே கிணற்றில் இறக்குவோர் உளர். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உள்ளிருப்பவர் அறியாமலே உயிர் போய்விடும். யந்திரம் வெளியே நிற்க, குழாய் மட்டும் உள்ளே செல்லட்டும்.

9. சங்கத்தின் கடமை

தனியொருவரின் யந்திரத்தில் செய்த திருத்தம் அவர் நினைவில் இருக்கும். சங்கத்தின் யந்திரமோ பலர் கை மாறுவது. ஒருவர் இரண்டு டிகிரி முந்தச் செய்தது அடுத்தவருக்குத் தெரியாது. அவரும் தம் பங்குக்கு இரண்டு டிகிரி சேர்ப்பார். மூன்றாமவர் மணிக்கட்டைக் கொடுப்பார். பணக் கணக்குக்குப் பேரேடு வைப்பதுபோல் யந்திரத்துக்கும் ஒரு குறிப்பேடு வைப்பது நிர்வாகக் கமிட்டியாரின் கடமை. தேதி, ஓடிய மணி, கண்ட இடைவெளி, வைத்த இடைவெளி, கண்ட வேளை, வைத்த வேளை, செய்தவர் பெயர் ஆகிய ஏழு கலங்கள் போதும். திருத்தும் பொறுப்பை இருவருக்கு மட்டும் அளித்து, பீலர் கேஜ், புல்லர், பல்பு ஆகியவற்றை யந்திரத்தோடு ஒரே பெட்டியில் வைத்துப் பூட்டுக. மாதம் ஒருமுறை பத்து நிமிஷம் ஓட்டினால் பாயிண்ட் முகம் கருக்காது; பெட்ரோல் கெட்டதும் தெரிந்துவிடும். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், செப்டம்பர் மாதக் கூட்டத்திலேயே, அங்கத்தினர்கள் முன்னிலையில் யந்திரத்தை ஓட்டிக் காட்டுவது நன்று. மழை வந்த இரவில் செய்யும் சோதனையால் பயனில்லை.

கூட்டத்தில் கேட்டு விடையளிக்கத்தக்க வினாக்கள்

1. பாயிண்ட் குதிகால் தேய்ந்தால் தீப்பொறி வேளை முந்துமா, பிந்துமா? ஏன்?

2. பிளைவீலின் சுற்றளவு 72 சென்டிமீட்டர். கையேடு 25 டிகிரி என்கிறது. மேல்முனைக் கோட்டிலிருந்து எத்தனை சென்டிமீட்டர், எத்திசையில் அளக்கவேண்டும்? (விடை: 5 சென்டிமீட்டர், சுழலும் திசையில்.)

3. காயில் கம்பியைக் கழற்றாமல் பல்பு வைத்துச் சோதித்தால் என்ன நேரும்?

4. தட்டைத் தளர்த்துமுன் இடவேண்டிய கோடு எது? அதை இடாதவர் படும் இடர் யாது?

5. நம் சங்க யந்திரத்தின் பாயிண்ட் இடைவெளியைக் கடைசியாய் அளந்தவர் யார்? என்றைக்கு அளந்தார்? இதற்கு ஒருவரும் விடை சொல்லாவிட்டால், குறிப்பேட்டின் முதற் பக்கத்தை அன்றைக்கே தொடங்குக.